"ஆடினால் உயிருக்கு ஆபத்து!" டாக்டர்கள் தடுத்தார்கள், கோர்ட்டு ஏறினார் கால்பந்து வீரர்

திருநின்றவூர்,-

நெஞ்சிலே கோளாறு என்றால் திருநின்றவூர் ஜனங்களுக்கு இரண்டு விலாசம் தெரியும். ஒன்று, சென்னையிலே பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று, உள்ளூரிலேயே இருக்கிற இருதயாலீஸ்வரர் கோவில்.

கையிலே காலணா இல்லாத பூசலார், மனசுக்குள்ளேயே கல் அடுக்கிக் கோவில் கட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்த ஊர் இது. அதே நாளில் காஞ்சிபுரத்தில் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ ராஜாவின் கனவில் சிவபெருமான் வந்து, திருநின்றவூர்க் கோவிலுக்குப் போகவேண்டியிருக்கிறது, உன் தேதியை மாற்றிக்கொள் என்று சொன்னதாகப் பெரியபுராணக் கதை. நெஞ்சுக்குள் கோவில் கட்டியவர் ஊர் என்பதால் இருதய நோய்க்காரர்கள் வெளியூரில் இருந்தெல்லாம் இங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இருதய நோய் என்றதும் யார் ஞாபகம் வரும்? 50 வயசைத் தாண்டிய ஆசாமி, சர்க்கரை, பிரஷர், விடாத சிகரெட். 19 வயசு வாலிபன் ஞாபகம் வராது. அதுவும் நாட்டுக்காகக் கால்பந்து ஆடுகிறவன், ஒன்றரை மணி நேரம் மூச்சு வாங்காமல் ஓடுகிறவன், அவனுக்கு நெஞ்சிலே நோயா என்றுதான் கேட்போம்.

அப்படி ஒரு வாலிபரின் கேஸ் இது. ஆள் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை. பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் மாவட்டம் ஆதம்பூர். பெயர் அன்வர் அலி. பிறந்தது 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 28. ஆனாலும் விடியற்காலை மின்சார ரெயிலில் பூட்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிற பையனைப் பெற்ற எந்த அப்பாவும் அம்மாவும் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

21 பேரில் ஒருவர்

2017 அக்டோபரில் 17 வயசுக்கு உட்பட்டவர்களின் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. உலகக் கால்பந்து சம்மேளனமான பீபா நடத்துகிற போட்டி ஒன்றில் இந்திய அணி ஆடியது அதுதான் முதல் தடவை. போட்டியை நடத்துகிற நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் கிடைத்தது. அதைச் சொல்லிக் கேலி பேசியவர்களும் உண்டு.

அணியிலே மொத்தம் 21 பேர். அதில் 8 பேர் மணிப்பூர்ப் பையன்கள். தமிழ்நாட்டுப் பையன் ஒருத்தன்கூடக் கிடையாது. வியாசர்பாடியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தனியாக ஒரு நாள் கேட்கவேண்டிய கேள்வி அது.

இப்படிப்பட்ட அணியில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முனிசிபாலிடியில் வாங்குகிற பிறப்பு சர்ட்டிபிகேட்டை மட்டும் நம்பிய காலம் போய்விட்டது. 2009-ல் இருந்து 17 வயசு உலகக் கோப்பைக்கு மணிக்கட்டை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். எலும்பின் முனை முழுசாக ஒட்டிப்போயிருந்தால், பையன் 17-ஐத் தாண்டிவிட்டான் என்று கணக்கு. சர்ட்டிபிகேட் பொய் சொல்லும், எலும்பு சொல்லாது.

அன்வர் அலி அணிக்கு வந்த வழியே தனிக் கதை. மொகாலிப் பக்கம் மினர்வா அகாடமி என்று ஒரு கால்பந்துப் பள்ளி. அந்தப் பையன்கள் 2017-ல் பயிற்சி மேட்ச் ஒன்றில் தேசிய அணியையே மடக்கிவிட்டார்கள். போர்ச்சுகலில் இருந்து புதிதாக வந்திருந்த கோச் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோசுக்கு யோசனை வந்தது. நம்மை ஜெயித்தவனை நம்மிடமே சேர்த்துக்கொண்டால் என்ன? மினர்வாவில் இருந்து நாலு பேர் உலகக் கோப்பை அணிக்கு வந்தார்கள். ஜீக்சன் சிங், நோங்டம்பா நவ்ரெம், முகம்மது ஷாஜகான், அன்வர் அலி.

அன்வருக்கு நடுப் பின்வரிசை. எதிரி கோல் போட வந்தால் முதலில் உடம்பைக் கொடுத்து மறிக்கவேண்டிய இடம்.

கம்பியில் பட்ட பந்து

டெல்லி ஜவகர்லால் நேரு ஸ்டேடியம். அக்டோபர் 6, முதல் ஆட்டம். அமெரிக்கா இரண்டு கோல் முன்னால் இருந்தது. கடைசிக் கட்டத்தில் அன்வர் அடித்த பந்து மேல் கம்பியில் 'டண்' என்று பட்டுத் திரும்பியது. அரங்கமே தலையில் கை வைத்தது. திரும்பிய பந்தைப் பிடித்து ஓடிய அமெரிக்கப் பையன்கள் அடுத்த மூச்சிலேயே மூன்றாவது கோலைப் போட்டுவிட்டார்கள். கால்பந்தில் இப்படி நடக்கும். ஒரு சாண் கீழே போயிருந்தால் நாட்டின் முதல் உலகக் கோப்பைக் கோல் அன்வர் பேரில் இருந்திருக்கும்.

அந்தப் பெருமை மூன்று நாள் கழித்து இன்னொரு மினர்வாப் பையனுக்குப் போயிற்று. அக்டோபர் 9, கொலம்பியாவுடன் ஆட்டம், 82-வது நிமிடம். பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் உதை உதைத்தார். ஜீக்சன் சிங் தலையால் முட்டினார். கோல்! கொண்டாடி முடிப்பதற்குள் அடுத்த நிமிடமே கொலம்பியா இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. அக்டோபர் 12-ல் கானா 4-0. மூன்றிலும் தோல்வி, போட்டி முடிந்தது.

முடிந்ததும் பையன்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 'இந்தியன் ஆரோஸ்' என்று சம்மேளனமே ஒரு அணியை வைத்து ஐ-லீக் போட்டியில் பெரியவர்களோடு ஆடவிட்டது. பணம் போட்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் கிளப்புகளுக்கு எதிரே மீசை முளைக்காத பையன்கள். அடி வாங்கினார்கள், கற்றுக்கொண்டார்கள். அந்த அணியை 2022-ல் மூடியேவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அர்ஜென்டினாவுக்கு ஆப்பு

2018 ஆகஸ்டு. ஸ்பெயின் நாட்டில் வலென்சியா பக்கத்து ஊர் ஒன்றில் 'கோட்டிப்' என்கிற இளைஞர் போட்டி. 20 வயசுக்கு உட்பட்ட இந்திய அணி, கோச் பிளாய்ட் பின்டோ. முதல் இரண்டு ஆட்டத்தில் தோல்வி. வெனிசூலாவோடு கோல் இல்லாத டிரா. அடுத்தது அர்ஜென்டினா. 20 வயசு உலகக் கோப்பையை அதுவரை 6 தடவை வாங்கிய நாடு.

நாலாவது நிமிடமே தீபக் டாங்ரி கோல் போட்டார். ஆனால் 54-வது நிமிடத்தில் இந்திய வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. மிச்சம் 10 பேர். சரி, ஆட்டம் கையைவிட்டுப் போயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

68-வது நிமிடம். இந்தியாவுக்கு 'பிரீ கிக்'. உதைக்க வந்தது முன்வரிசைக்காரர் இல்லை, பின்வரிசை அன்வர் அலி. உதைத்த உதையில் பந்து வலைக்குள்! கடைசியில் 2-1. அர்ஜென்டினாவை இந்தியா ஜெயித்தது.

அன்றைக்கு அர்ஜென்டினாப் பையன்களுக்குக் கோச் யார் தெரியுமா? லியோனல் ஸ்கலோனி. 2022-ல் கத்தாரில் மெஸ்ஸி கையில் உலகக் கோப்பை வந்தபோது அணியைக் கட்டி நடத்தினாரே, அவரேதான்.

அந்த ஆண்டே மும்பை சிட்டி கிளப் அன்வரை எடுத்துக்கொண்டது. ஆட்ட அனுபவம் கிடைக்கட்டும் என்று ஆரோஸ் அணிக்கே இன்னொரு சீசன் இரவல் கொடுத்தது. 2019-ல் பெரியவர்கள் அணியின் முகாமுக்கும் அழைப்பு வந்தது. குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாச் புதுக் கோச்சாக வந்திருந்த நேரம். 18 வயசு. கையிலே கிளப் ஒப்பந்தம், தலைமாட்டிலே இந்திய ஜெர்சி. ஒரு கால்பந்துப் பையனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

திடுக்கிடும் ரிப்போர்ட்

சீசனுக்கு முன்னால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் எடுக்கிற வழக்கமான மருத்துவப் பரிசோதனை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர்கள் முகம் மாறியது. இன்னொரு பரிசோதனை. அப்புறம் இன்னொன்று. பிரான்ஸ் வரைக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். வியாதியின் பெயர் 'ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி'.

பெயர்தான் வாயில் நுழையாது. விஷயம் புரியாதது இல்லை. இருதயம் என்பது சதையால் ஆன பம்பு. அந்தச் சதைச் சுவர் இருக்கவேண்டிய கனத்தைவிடத் தடித்துப் போகிறது. சுவர் தடித்தால் உள்ளே ரத்தம் நிற்க இடம் குறைகிறது. அதைவிட ஆபத்து, சதைக்குள் ஓடுகிற மின்சார ஓட்டம் தாறுமாறாகிவிடலாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் ஓடுகிறபோது திடீரென்று துடிப்பு தாளம் தப்பினால் ஆள் அப்படியே சாய்வான். சில நிமிடத்துக்குள் மின் அதிர்ச்சி கொடுத்து எழுப்பாவிட்டால் அவ்வளவுதான்.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. உத்தேசமாக 500 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது மருத்துவ உலகத்தின் கணக்கு. பலருக்கு ஆயுசு பூராவும் ஒரு தொந்தரவும் வராமல் போய்விடும். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று அடித்துச் சொல்லக்கூடிய டாக்டர் எந்த ஊரிலும் இல்லை. இந்தக் கேஸின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். பிறக்கும்போதே தடித்த சதையோடு எல்லாரும் பிறப்பதில்லை. வயசுக்கு வருகிற பருவத்தில், உடம்பு வளர்கிற வேகத்தில்தான் பலருக்கு வெளியே தெரிய ஆரம்பிக்கும். 14 வயசில் எடுத்த ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது என்று 18-ல் நிம்மதியாக இருக்க முடியாது.

மைதானத்தில் செத்தவர்கள்

டாக்டர்கள் சும்மா பயமுறுத்தவில்லை. பயப்படக் காரணம் இருந்தது.

2003 ஜூன் 26. பிரான்சில் லியோன் நகரம். கேமரூன் வீரர் மார்க் விவியன் போ, கொலம்பியாவுடன் ஆடிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது மைதான நடுவிலே சரிந்தார். திரும்ப எழுந்திருக்கவில்லை. அறுத்துப் பார்த்ததில் இதே வியாதி.

2004 டிசம்பர் 5, பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம். பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ கிளப்பின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் இரண்டாவது கோலைப் போட்ட வேகத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். உயிர் போய்விட்டது. அவர் கிளப் கோப்பையை ஜெயித்தது.

2012-ல் அதே பெங்களூரில் உள்ளூர் டிவிஷன் ஆட்டம் ஒன்றில் வாலிபர் ஒருவர் சுருண்டு விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பலனில்லை.

2019 டிசம்பர் 29, கேரளத்தில் பெரிந்தல்மன்னா. கல்கத்தாப் பெரிய கிளப்புகளில் ஆடி ஓய்ந்த பாலக்காட்டுக்காரர் தனராஜன், செவன்ஸ் ஆட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வயசு 39. அன்வர் அலி ஆடலாமா கூடாதா என்று டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்த சாவு அது.

"நிறுத்து!"

2020. மும்பை கிளப்பை விட்டு வந்த அன்வரை, கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் சேர்த்துக்கொண்டது. பயிற்சிக்கும் போனார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தில் இருந்து கடிதம் பறந்தது. ஆட்டமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், நிறுத்து.

சம்மேளனத்தின் மருத்துவக் கமிட்டிக்குத் தலைவர் டாக்டர் வேஸ் பயஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஹாக்கி அணியில் ஆடியவர். சென்னையில் அமிர்தராஜ் அகாடமியில் டென்னிஸ் பழகிய லியாண்டர் பயசின் அப்பா. ஆட்டக்காரன் மனசு தெரியாத டாக்டர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் கமிட்டியே வேண்டாம் என்றது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். கமிட்டியின் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் என்ன செய்வார்? ஆடு என்று கையெழுத்துப் போட்டு, நாளைக்கு டி.வி. கேமரா முன்னால் பையன் செத்துப் போனால்? பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் வரும்.

அன்வர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். சின்ன வயசில் இருந்து தெரிந்த ஒரே தொழில் பந்து உதைப்பது. 20 வயசில் அதைப் பிடுங்கிக்கொண்டால் மிச்ச ஆயுசுக்கு என்ன? 17 வயசு உலகக் கோப்பை ஆடியவன் என்கிற சர்ட்டிபிகேட்டைக் காட்டினால் மளிகைக் கடையில் ஒரு கிலோ அரிசி கடனுக்குக் கிடைக்குமா?

ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் வழியாக இந்த ரெயிலில் போய்வருகிற குமாஸ்தாக்களுக்கு இது நன்றாகவே புரியும். இந்தப் பக்கத்துப் பையன்களின் கனவு ஐரோப்பா இல்லை. ஐ.சி.எப். அணி, தெற்கு ரெயில்வே அணி, ஏதாவது பாங்க் அணி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு அரசாங்க வேலை. அந்த வேலைக்கும் ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்னால் மெடிக்கல் உண்டு. பத்து வருஷம் ஓடியாடிச் சேர்த்த சர்ட்டிபிகேட் எல்லாம் 'மெடிக்கல் அன்பிட்' என்கிற இரண்டு வார்த்தையில் பழைய பேப்பர் ஆகிவிடும். பல வீடுகளில் இருதயத்தைப் பரிசோதிக்கவே பயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். 'ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்றது?' என்கிற பயம்.

ஐகோர்ட்டில் மனு

அன்வர் அலி டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார். பிழைப்பைத் தடுக்கிறார்கள் என்பது வழக்கின் சாரம். சினிமாவில் வருவது மாதிரி ஒரே நாளில் தீர்ப்பு வந்துவிடவில்லை. ஆனால் சம்மேளனம் முறைப்படி இறுதி முடிவு எடுக்கிற வரையில் அவர் பயிற்சி எடுக்கவும் ஆடவும் வழி பிறந்தது. பழைய மினர்வாக்காரர்களே நடத்திய டெல்லி எப்.சி. கிளப் அவரைப் பதிவு செய்துகொண்டது.

2021-ல் சம்மேளனமும் இறங்கி வந்தது. நோய் இருப்பது தெரிந்தே ஆடுகிறேன், பொறுப்பு என்னுடையது என்கிற உறுதிமொழியின் பேரில் கதவு திறந்தது. அந்த ஆண்டு டுராண்ட் கோப்பையில் டெல்லி எப்.சி.க்காகக் களத்தில் இறங்கினார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பெரிய மேடையைப் பார்க்காமல் கழிந்த கால்கள்.

சரி, இது சரியா? தன் உயிரைத் தானே பணயம் வைக்க ஒருத்தனுக்கு உரிமை உண்டா? உலகமே இதில் ஒத்துப்போகவில்லை.

டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12-ல் கோபன்ஹேகன் நகரில் பின்லாந்துடன் ஆடும்போது விழுந்தார். இருதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். துடிப்பு தப்பினால் கருவியே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். அவர் அப்போது ஆடிய கிளப் இத்தாலியின் இன்டர் மிலான். கருவி வைத்தவன் எங்கள் நாட்டில் ஆட முடியாது என்று இத்தாலி கறாராகச் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் அந்தத் தடை இல்லை. 2022-ல் அங்கே பிரென்ட்போர்டு கிளப்புக்காக ஆட வந்துவிட்டார். அதே ஆள், அதே நெஞ்சு, இரண்டு நாடு, இரண்டு சட்டம்.

இத்தாலியின் கறாருக்கும் அர்த்தம் உண்டு. 1982-ல் இருந்து அங்கே போட்டியில் ஆடுகிற யாராக இருந்தாலும் ஈ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனை கட்டாயம். அது வந்தபிறகு ஆட்டக்காரர்களின் திடீர்ச் சாவு வெகுவாகக் குறைந்ததாக அந்நாட்டு டாக்டர்கள் 2006-ல் கணக்குக் காட்டினார்கள்.

நம்ம பக்கத்தில் தெருமுனை டோர்னமென்ட் என்றால் கோப்பைக்கு ஸ்பான்சர் உண்டு. மைக் செட் உண்டு. பேனர் அவசியம் உண்டு. ஒரு ஆம்புலன்ஸ், நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒரு ஆள்? அதைக் கேட்டால் அமைப்பாளர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். நெஞ்சை அழுத்திவிடுகிற முதலுதவியை ஒரு நாளிலே கற்றுக்கொள்ளலாம். 108-க்குப் போன் போட்டுவிட்டு வண்டி வருகிற வரை சும்மா நின்று தண்ணீர் தெளிப்பதும், கையில் சாவியைக் கொடுப்பதும் உயிரைக் காப்பாற்றாது. இருதயம் நின்றுபோனவனுக்கு அந்தச் சில நிமிடம்தான் கணக்கு.

பெற்றவர்கள் கவனிக்கவேண்டியதும் பெரிய ரகசியம் இல்லை. ஓடும்போது பையனுக்கு மயக்கம் வந்து விழுந்தானா? ஓடி முடித்தபிறகு அல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போதே. நெஞ்சு வலிக்கிறது, படபடப்பாக இருக்கிறது என்று சொல்கிறானா? குடும்பத்தில் சித்தப்பாவோ மாமாவோ 40 வயசுக்குள்ளே திடீரென்று போனதுண்டா? இதில் ஒன்று இருந்தாலும் 'வெயில் தாங்கலை' என்று தள்ளிவிடக்கூடாது. ஒரு ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ. அரசு ஆஸ்பத்திரியிலே எடுக்கக்கூடிய பரிசோதனைதான். நோய் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவு எடுத்தவர் அன்வர் அலி. ஒன்றுமே தெரியாமல் ஓடுகிறவன் கதை வேறே.

இரண்டாவது நிமிடம்

மீண்டும் அன்வர். 2022-ல் எப்.சி. கோவா கிளப்புக்காக ஐ.எஸ்.எல். போட்டியில் இறங்கினார். அந்த மார்ச் 23-ல் பஹ்ரைனுக்கு எதிராகப் பெரியவர்கள் அணியின் ஜெர்சியும் கிடைத்தது. 2019-ல் கைக்கு எட்டி நழுவிய அதே ஜெர்சி.

2022 ஜூன் 14. கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், ஹாங்காங்குடன். விசில் ஊதி இரண்டாவது நிமிடம். கோல் வாசலில் கிடைத்த பந்தை அன்வர் அலி வலைக்குள் அறைந்தார். நாட்டுக்காக அவர் போட்ட முதல் கோல். சுனில் சேத்ரி, மன்வீர் சிங், இஷான் பண்டிதா ஆளுக்கொன்று போட, 4-0 என்று முடிந்தது.

எல்லாம் வெற்றிதான் என்று சொல்ல முடியாது. 2023 ஜூன் 27-ல் பெங்களூரில் தெற்காசியக் கோப்பை ஆட்டம். குவைத்தை இந்தியா 1-0 என்று ஜெயிக்கப்போகிற நேரம். கடைசி நிமிடத்தில் பந்தைத் தட்டிவிடப் போன அன்வர் தன் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டார். ஆட்டம் டிரா. நல்லவேளை, ஜூலை 4-ல் அதே குவைத்தை இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் வென்று இந்தியா கோப்பையை எடுத்தது.

அந்த ஆண்டே கல்கத்தா மோகன் பகான் கிளப் டெல்லி எப்.சி.யிடம் இருந்து அவரை நீண்ட கால இரவலுக்கு வாங்கியது. அந்தக் கிளப்புக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஜென்மப் பகை. 2023 ஆகஸ்டு 12-ல் நம்ம சென்னை வீரர் நந்தகுமார் சேகர் ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே கோல் போட்டு மோகன் பகானைக் கவிழ்த்தபோது, கல்கத்தாவில் பாதி ஊர் பட்டாசு வெடித்தது. மிச்சப் பாதி கதவைச் சாத்திக்கொண்டது. ஆனாலும் அடுத்த மாதமே மோகன் பகான் அதே டுராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை வென்று கோப்பையைத் தூக்கியது.

மறுபடியும் கோர்ட்டு

2024-ல் கதை வேறு திசையில் திரும்பியது. மோகன் பகானோடு இருந்த இரவல் ஒப்பந்தத்தை அன்வர் தன் பக்கத்தில் இருந்து முறித்தார். டெல்லி எப்.சி.க்குத் திரும்பி, அங்கிருந்து நேராக ஈஸ்ட் பெங்காலோடு 5 வருஷ ஒப்பந்தம்! மோகன் பகான் கொதித்தது. சம்மேளனத்திடம் புகார்.

2024 செப்டம்பர் 10-ல் சம்மேளனத்தின் கமிட்டி தீர்ப்புச் சொன்னது. அன்வருக்கு 4 மாதம் ஆடத் தடை. மோகன் பகானுக்கு 12 கோடியே 90 லட்சம் ரூபாய் நஷ்டஈடு. அதை அன்வர், ஈஸ்ட் பெங்கால், டெல்லி எப்.சி. மூவருமாகக் கட்டவேண்டும். இரண்டு கிளப்புகளும் இரண்டு தடவை புது ஆட்களைப் பதிவு செய்யக்கூடாது.

2020-ல் இதே ஆள் பயிற்சி எடுக்கக்கூட லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். நாலே வருஷத்தில் அவர் எங்களுக்கு வேண்டும் என்று இரண்டு பெரிய கிளப்புகள் மல்லுக்கு நின்றன. விலை கோடிகளில் பேசப்பட்டது. அந்தச் சண்டையில் அவர் இருதயத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அன்வர் தரப்பு மறுபடியும் போனது டெல்லி ஐகோர்ட்டுக்கே. சில நாளிலேயே அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. விசாரணை திரும்ப நடக்கட்டும் என்று ஆயிற்று. அதே செப்டம்பரில் சிவப்பும் தங்க நிறமும் கலந்த ஈஸ்ட் பெங்கால் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, நந்தகுமாரின் கூட்டாளியாக அன்வர் அலி மைதானத்தில் இறங்கினார்.